கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஏ.ஏ. கூட்டம் தேடுபவருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வேலை. பகலில் கள்ளு, ராத்திரி ஒரு குவார்ட்டர் என்று பத்து, பன்னிரண்டு வருடமாகப் போகிறது. இப்போது நிறுத்திவிட வேண்டும் என்று நீங்களே நினைக்கிறீர்கள். குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற ஏ.ஏ. கூட்டம் என்று ஒன்று உண்டாமே, அது பக்கத்தில் எங்கே நடக்கிறது, மலையாளத்தில்தான் பேசுவார்களா, காசு கட்ட வேண்டுமா, கையெழுத்து வாங்குவார்களா, வீட்டுக்காரியையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "ஊர்க்காரங்க யாராச்சும் பாத்துட்டா?" என்று ஒரு வரி. மற்ற எல்லாக் கேள்விகளையும் விட அதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன இன்னொரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது: காலையில் எழுந்தால் கை நடுங்குகிறது, கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் கூட்டத்தின் முகவரி சொல்வது சரியாகாது.

காலைக் கை நடுக்கம் என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்டவர் ஒரு நல்ல நாள் பார்த்து, சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டு, ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத ஆளும் பூச்சியும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இந்தக் கடைசி நிலை உயிரை எடுக்கக்கூடியது. குடித்துக்கொண்டிருந்தபோது செத்துப்போகாதவர் நிறுத்திய மூன்றாம் நாள் செத்துப்போனார் என்று ஊரில் பேசிக்கொள்வார்களே, பல நேரம் நடந்தது இதுதான். பிறகு அதையே காட்டி "திடீர்னு நிறுத்தினா ஆகாது, அளவாக் குடிச்சுக்க" என்று புத்திமதி சொல்வார்கள். திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது மட்டும் அதில் சரி.

ஆகவே கூட்டம் தேடுகிற அதே வாரத்தில் ஒரு மருத்துவரையும் பாருங்கள். அரசு மருத்துவமனையே போதும். சித்தூர் தாலுகா மருத்துவமனை, பாலக்காடு மாவட்ட மருத்துவமனை, தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி அரசு மருத்துவமனை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாம் நீங்கள் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரம்தான். ஓ.பி. சீட்டு போடும்போது மனநலப் பிரிவு எந்தக் கிழமை என்று கேளுங்கள். சிறிய மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலக் குழு குறிப்பிட்ட நாளில்தான் வரும், தினமும் இராது. கேரளத்தில் கலால் துறையின் விமுக்தி திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு போதை மீட்பு மையம் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து நடக்கிறது. அதற்கான இலவச எண் 14405. மருத்துவரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அவர் மாத்திரையின் அளவைக் கணக்கிடுவதே அதை வைத்துத்தான். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்று பாட்டிலில் போட்டிருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். பகல் கள்ளையும் இதோடு கூட்டுங்கள். கள்ளை நம் சித்தூர்ப் பக்கம் யாரும் குடியாகவே எண்ணுவதில்லை. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்கு இங்கிருந்துதான் பெருவாரியாகப் போகிறது, தோப்பில் வேலை பார்ப்பவருக்கு அது தண்ணீர் மாதிரி. ஆனால் 6 சதவீதம் ஏறிய கள்ளு 650 மில்லி பாட்டிலில் ஒன்று குடித்தால் 30 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. அது அரைக் குவார்ட்டருக்குச் சமம்.

மருத்துவர் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள், சில நேரம் பத்து நாள், குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கூடுதலாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின். நடுக்கம் லேசாக இருந்து வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். முன்பு ஒரு முறையாவது வலிப்பு வந்திருந்தால், மஞ்சள் காமாலை இருந்தால், ரத்த வாந்தி எடுத்திருந்தால், முன்பு நிறுத்தியபோது மனம் தடுமாறியிருந்தால், வார்டில் படுப்பதுதான் சரி. அந்த மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டாம். மாத்திரையும் குடியும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும். "ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெளிஞ்சிரும்" என்று சின்ன கிளினிக்கில் படுப்பதும் நம் பக்கத்து வழக்கம். தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், நெடுநாள் குடித்தவரின் மூளைக்கு அதுவே கெடுதலாக முடியலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். கையில் சாவி திணிப்பதாலோ வாயில் துணி வைப்பதாலோ பயன் ஒன்றுமில்லை, பல்லும் மூச்சும்தான் போகும். எல்லையோரத்தில் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு 108 போய்ச் சேரலாம். எடுத்தவுடன் மாநிலம், தாலுகா, ஊர் மூன்றையும் சொல்லச் சொல்லி வீட்டில் பழக்கி வையுங்கள். உங்களை நேரில் பார்க்காமல் எந்த மாத்திரை, எத்தனை என்று நான் சொல்ல முடியாது, இங்கே யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதற்காகக் கூட்டத்தைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. "முதல்ல நிறுத்திட்டு, தெளிஞ்சு, அப்புறம் போறேன்" என்பது நிறையப் பேர் சொல்வது, அப்படிச் சொன்னவர்களில் பலர் கூட்டத்தின் வாசலைப் பார்ப்பதே இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ.வில் சேர ஒரே ஒரு தகுதிதான், குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்பது தகுதி இல்லை. அன்று காலை நடுக்கத்துக்காகக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போனாலும் விரட்ட மாட்டார்கள். பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள் என்பார்கள். சத்தம் போட்டால்தான் வெளியே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

இனி எங்கே என்பதற்கு வருகிறேன். ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டதில் தொடங்கியது. இன்றும் அதன் அமைப்பு அப்படித்தான். மேலிருந்து நடத்தும் முதலாளி கிடையாது, கட்டடம் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் வைத்த கிளை அலுவலகம் ஊருக்கு ஊர் கிடையாது. இந்தியாவுக்கான பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் நகரவாரியாகத் தொடர்பு எண்களும் கூட்டப் பட்டியலும் உண்டு. கூட்டங்கள் நடப்பது இரவல் இடங்களில்: பள்ளிக்கூட வகுப்பறை, தேவாலய வளாகத்தில் ஓர் அறை, வாசகசாலை மாடி, மருத்துவமனை ஓ.பி. கூடம். வெளியே பெரிய போர்டு இராது. இருந்தால் வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்ன அட்டை ஒன்று வாசலில் சாய்த்து வைத்திருக்கும், கூட்டம் முடிந்ததும் அதையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். குழுவுக்கு என்று தனிப் பெயர் வைத்திருப்பார்கள். அதனால் வாட்ச்மேனிடம் ஏ.ஏ. எங்கே என்று கேட்டால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இதனால்தான் முகவரியை நம்பி நேராகப் போகாதீர்கள் என்கிறேன். பட்டியலில் இருக்கிற இடம் மாறியிருக்கும், பள்ளிப் பரீட்சை என்று அறை தர மறுத்திருப்பார்கள், கிழமை மாறியிருக்கும். ஆறு மாதம் யோசித்து ஒருவர் கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், திரும்புகிற வழியில் கடை திறந்துதான் இருக்கும். முதலில் போன் பண்ணுங்கள். எடுப்பவர் ஊழியர் இல்லை, உங்களைப் போலக் குடித்து நிறுத்திய ஒருவர். பகலில் அவரும் எங்கோ வேலையில் இருப்பார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: எந்தக் கிழமை, எத்தனை மணி, இந்த வாரம் உறுதியாக நடக்கிறதா, அறைக்கு எந்த வாசல் வழியாக வர வேண்டும், தமிழ் பேசுகிற ஆள் யாராவது வருவார்களா, குடும்பத்தார் உட்காரக்கூடிய கூட்டமா. கடைசியாக, "கால் மணி நேரம் முன்னாடியே வந்துடறேன், கேட் கிட்ட யாராச்சும் நிப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். புதிதாக வருபவருக்காக வாசலில் வந்து நிற்பதை அவர்கள் கடமையாகவே நினைப்பார்கள். தெரிந்த குரல் ஒன்று வாசலில் நிற்கிறது என்றால் உள்ளே போவது பாதி சுலபம்.

ஏ.ஏ. எண் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த எண்ணை யாரும் எடுக்கவில்லை என்றால் சுற்று வழி உண்டு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். உடல்நல உதவிக்கு கேரள அரசின் திஷா எண் 1056, தமிழ்நாட்டில் 104. இவர்களிடம் "அருகில் ஏ.ஏ. குழு எது" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் மருத்துவமனை முகவரி சொல்லி முடித்துவிடுவார்கள். இதையெல்லாம் விட எனக்கு நம்பிக்கையான வழி, மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருக்கிற சமூகப் பணியாளரையோ நர்ஸையோ கேட்பது. ஏ.ஏ. உறுப்பினர்கள் அங்கே வந்து போவது வழக்கம், பிரிவுச் சுவரில் எண் ஒட்டியிருக்கும். கேரளப் பக்கத்துத் தகவல் பெரும்பாலும் மலையாள எழுத்தில்தான் இருக்கிறது, அதனால் நீங்கள் தமிழில் தேடினால் ஒன்றுமில்லை என்று தோன்றும். மலையாளம் எழுதத் தெரிந்த பிள்ளை யாரையாவது தேடித் தரச் சொல்லுங்கள். எதற்கு என்று சொல்லத் தயக்கமாக இருந்தால் போனில் குரல் தேடலில் நீங்களே மலையாளத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

நம் இடத்துக்கு ஒரு வசதி உண்டு. எல்லையில் இருப்பவருக்கு இரண்டு மாநிலத்துக் கூட்டமும் கைக்கெட்டும். ஒன்றாம் தேதி கேரளத்தில் கடை அடைப்பு என்றால் கோபாலபுரம் தாண்டி டாஸ்மாக் போகவும், அந்தப் பக்கம் கள்ளுக்குத் தடை என்பதால் அங்கிருந்து இங்கே வரவும் எல்லாருக்கும் வழி தெரியும். அதே பஸ் கூட்டத்துக்கும் போகிறது. கோவையில் குழுக்கள் பல உண்டு, வாரத்தில் வேறு வேறு கிழமைகளில் தமிழில் நடக்கும். பாலக்காட்டுப் பக்கம் மலையாளத்தில் நடக்கும். உங்கள் ஊரிலிருந்து பாலக்காடு, வேலந்தாவளம் வழியாகக் கோவை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி என்று மூன்று திசைக்கும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே, திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சாயங்காலக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடி எட்டு, எட்டரைக்கு முடியும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்டாண்டில் நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தில் குடித்தவர்கள் உண்டு. கேரளத்தில் பெவ்கோ என்கிற அரசு மதுக்கடை இரவு ஒன்பது வரை, டாஸ்மாக் பத்து வரை. ஞாயிற்றுக்கிழமை பகல் கூட்டம் எங்காவது இருந்தால் முதல் மாதம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். சித்தூர்த் தமிழருக்கு மலையாளம் காதில் ஏறும். வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, உரக்க வாசிப்பதைக் கேட்டால் போதும். நீங்கள் தமிழில் பேசினால் பாலக்காட்டுக்காரருக்குப் புரியும். ஏ.ஏ.வின் அடிப்படை நூலும் சிறு வெளியீடுகளும் தமிழில் உண்டு, தமிழ்க் குழுக்களில் கேட்டு வாங்கலாம். ஆனால் ஒன்று: அவமானத்தையும் பயத்தையும் சொல்ல வருகிறபோது தாய்மொழிதான் வாய்க்கு வரும். அதனால் பக்கத்தில் இருக்கிறதென்று பாலக்காட்டுக் கூட்டத்துக்குப் போனாலும், மாதம் ஒரு முறையாவது தமிழ்க் கூட்டத்தில் உட்காருங்கள். 2020க்குப் பிறகு போன் வழியாக, சூம் செயலியில், தமிழில் நடக்கிற கூட்டங்களும் வந்துவிட்டன. மழைக்கும் பஸ் இல்லாத நாளுக்கும் அது நல்ல துணை. நேர்க்கூட்டத்துக்குப் பதிலாக அதை மட்டும் வைத்துக்கொண்டால், கேமராவை அணைத்துவிட்டுத் தோப்பில் உட்கார்ந்து கள்ளோடு கேட்கிற நாளும் வந்து சேரும்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். பத்து, இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டமாகவோ வரிசையாகவோ உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நடத்துவார், அவரும் உறுப்பினர்தான், அடுத்த வாரம் வேறொருவர். ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு சிறு பத்தியை வாசிப்பார்கள், சற்று மௌனம், மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியும் மாற்ற முடிந்ததை மாற்றும் துணிவும் வேண்டுகிற ஒரு சின்னப் பிரார்த்தனை, பிறகு குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்து வைத்திருக்கிற பன்னிரண்டு படிகளை வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, "என் பேர் இன்னது, நான் ஒரு ஆல்கஹாலிக்" என்று தொடங்கி ஐந்து, பத்து நிமிடம் பேசுவார்கள். ஷேரிங் என்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே கேள்வி கேட்பதும், முடித்தபின் "நீ இப்படிப் பண்ணியிருக்கலாம்" என்று புத்தி சொல்வதும் வழக்கமில்லை. உங்கள் முறை வந்தால், "இன்னைக்குத்தான் முதல் தடவை, கேட்டுட்டுப் போறேன்" என்றால் போதும். நான் குடிகாரன் என்று சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கக்கூடாது, பிடிக்கவும் மாட்டார்கள். சில நாள் யாராவது குடியில்லாமல் ஒரு வருடம் முடித்ததைப் பிறந்தநாள் என்று கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். 50 வயது ஆள் ஒரு வயதுப் பிறந்தநாள் கொண்டாடுவதைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அவர்களும் சிரிப்பார்கள்.

கட்டணம் கிடையாது, சந்தா கிடையாது, பதிவேடு கிடையாது. ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும், டீக்கும் அறை வாடகைக்கும் உறுப்பினர்கள் பத்து, இருபது போடுவார்கள். முதல் முறை வருபவர் போட வேண்டியதில்லை. வெளியாளிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு. அதனால் ஏ.ஏ. பெயரைச் சொல்லி மாதம் இத்தனை ஆயிரம் என்று கேட்கிற இடம் எதுவானாலும் அது ஏ.ஏ. இல்லை. தனியார் மறுவாழ்வு மையங்கள் போர்டில் ஏ.ஏ. என்று போட்டிருந்தால், உள்ளே உறுப்பினர்கள் வந்து கூட்டம் நடத்துகிறார்கள் என்று வேண்டுமானால் அர்த்தம் இருக்கலாம். ஏ.ஏ. மருத்துவமனையோ விடுதியோ நடத்துவதில்லை. அப்படி ஒரு மையத்தில் சேருவதாக இருந்தால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வேனில் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பவர்களிடம் வீட்டாரைப் பேச விடாதீர்கள்.

பிரார்த்தனை என்றதும் சிலர் தயங்குவார்கள். தேவாலய வளாகத்தில் நடந்தால் மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சும் கிளம்பும். அறை அங்கே கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். படிகளில் 'நம்மைவிடப் பெரிய ஒரு சக்தி' என்று வரும், அது எது என்பதை அவரவர் முடிவுக்கு விட்டிருக்கிறார்கள். மாரியம்மனை வைத்துக்கொள்பவரும் உண்டு, சாமி இல்லை என்று சொல்லி அந்தக் கூட்டத்தையே பெரிய சக்தியாக எடுத்துக்கொள்பவரும் உண்டு. கறுப்புச் சட்டையோ செங்கொடியோ தடையில்லை. பிரார்த்தனை நேரத்தில் வாய் மூடி நின்றால் யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் பேச்சில் கடவுள் வாசனை கூடுதலாகவே இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். அது ஒத்துவராவிட்டால், மருத்துவமனை கவுன்சிலர் நடத்துகிற குழுக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பதும் நல்ல வழிதான்.

இப்போது அந்தக் கடைசி வரி. யாராவது பார்த்துவிட்டால்? அந்த அறைக்குள் உங்களைப் பார்க்கிறவர் அந்த அறைக்குள் இருக்கிறவர். உள்ளே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய அடிப்படை. முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை, ஊர் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது கட்டுப்பாடே தவிரச் சட்டம் அல்ல, மீறினால் தண்டிக்க ஆள் கிடையாது. மருத்துவமனைக் குறிப்புகளுக்குத்தான் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பு தருகிறது. எனவே கொஞ்சம் முன்யோசனை நல்லது. குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டம், யாரும் வந்து பார்க்கக்கூடிய திறந்த கூட்டம் என்று இரண்டு வகை. கூச்சம் அதிகம் என்றால் மூடிய கூட்டத்துக்குப் போங்கள். உள்ளூரை விட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போவதும் பலர் செய்வதுதான். எல்லாரும் மறந்துபோகிற இடம் வாட்ஸ்அப். குழுவில் சேர்த்த உடனே உங்கள் எண்ணும் புகைப்படமும் எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நாள் போகட்டும், இப்போதைக்குப் போனில் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடலாம். கள்ளுக்கடை பெஞ்சில் பட்டப்பகலில் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்ததே என்று உங்களிடம் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இது வேலை செய்யுமா என்பதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வோடு இணைத்து விடும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர், மற்றச் சிகிச்சைகளில் 35 பேர். ஆக, உளவியல் சிகிச்சைக்கு இது குறைந்ததில்லை, சற்று மேலே கூட என்பது உறுதி. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. நம் ஊருக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நூற்றில் பாதிக்கு மேல் அங்கேயும் தவறியிருக்கிறார்கள் என்பதையும் அதே எண்ணில் படித்துக்கொள்ளுங்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் குடி ஆசையைக் குறைக்கும், அவற்றையும் கூட்டத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். மாத்திரை போடுகிறவன் உண்மையில் நிறுத்தியவன் இல்லை என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னால் அது அவருடைய சொந்தக் கருத்து. ஏ.ஏ. மருத்துவம் பார்ப்பதில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல் நாள் எல்லாமே விசித்திரமாக இருக்கும், மற்றவர் சொல்கிற கதை நம்மைவிட மோசமாகத் தெரியும், "நான் அந்த அளவுக்குப் போகல" என்று மனசு கணக்குப் போடும். வேறு வேறு குழுக்களில் குறைந்தது ஆறு முறை உட்கார்ந்த பிறகு யோசியுங்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்லும் வழக்கம் உண்டு, நகரத்தில் இருப்பவருக்கு அது சரி. எல்லையோரத்தில் வாரம் இரண்டு நேர்க்கூட்டம், மற்ற நாள் ஒரு போன் அழைப்பு என்றாலே பெரிய காரியம். அந்த அழைப்பை எடுக்க ஒருவர் வேண்டும், அவரைத்தான் ஸ்பான்சர் என்பார்கள். ஓரிரு வருடமாவது குடிக்காமல் இருப்பவராக, ஆணுக்கு ஆணாக, உங்களிடம் கடன் கேட்காதவராகப் பார்த்துக் கேளுங்கள். கடன் கொடுப்பதும் வாங்குவதும் கூட்டத்து நட்பை முறிக்கும். கூலி கைக்கு வருகிற நாள், கோயில் நோம்பி, கல்யாண வீடு, துக்க வீடு, இந்த நாள்களின் பட்டியலை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். இடையில் ஒருநாள் குடித்துவிட்டால், அதை ஸ்லிப் என்பார்கள், அந்த வாரமே திரும்பிப் போய்ச் சொல்லிவிடுங்கள். முகம் காட்டக் கூசி ஒரு மாதம் போகாமல் இருப்பதுதான் பெரும்பாலோரைத் திரும்பக் கடையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திறந்த கூட்டத்துக்கு அவரும் தாராளமாக வரலாம். குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழுக்கள் 1951 முதல் உண்டு, சில இடங்களில் ஏ.ஏ. நடக்கிற அதே நேரம் பக்கத்து அறையில் நடக்கும். போனில் கேட்கும்போதே இதையும் கேட்டு வையுங்கள். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் குடி மறக்கும் மருந்து என்று விளம்பரத்தில் வருவதை வாங்கவே கூடாது. டைசல்பிராம் போன்ற மாத்திரை அதில் இருந்தால், தெரியாமல் சாப்பிட்டவர் அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும். அது நல்ல மருந்துதான், தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொன்னபடி எடுக்கிறவருக்கு.

கொழிஞ்சாம்பாறையிலேயே தமிழில் ஒரு கூட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு, மூன்று குடிநோயாளிகள் ஓரிடத்தில் கூடினாலே தங்களை ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர்கள் மரபிலேயே இருக்கிறது. அறை பிடிப்பதும், பக்கத்துக் குழுவிடம் புத்தகமும் பழக்கமான ஆளும் கேட்டு வாங்குவதும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் அதற்கு இப்போது அவசரம் வேண்டாம். முதல் ஒரு வருடம் வேறு யாராவது சாவி போட்டுத் திறக்கிற அறையில் போய் உட்காருங்கள்.